இண்டிகான்னா எனக்கு டாடா கார்தான் தெரியும்

போன மாசம் லீவுக்கு வந்த அக்கா பையன் ராத்திரி மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு சந்தேகம் கேட்டான். பய கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறான். கோத்தகிரியில ஃப்ரெண்டு வீட்டுல ஒரு பாலிஹவுஸ் சும்மா கிடக்காம்.

"மாமா, அந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் இண்டிகா தூக்கலா இருக்கிற வெரைட்டிதான் செட் ஆகுமாம். நீங்கதான் செடியெல்லாம் நல்லா வளர்ப்பீங்களே?"

எனக்கு டாடா இண்டிகாதான் ஞாபகம் வந்துச்சு. பய தலையில அடிச்சுக்கிட்டு, அது கஞ்சான்னு சொன்னான். ஏர்வாடி உப்புக்காத்துல ரோஜா பூக்க வச்ச ஒரே பாவத்துக்கு என்கிட்ட கேக்குறான் பாருங்க :-)

கத்தல. கத்தினா அவன் அடுத்த தடவை என்கிட்ட கேக்கமாட்டான், அம்புட்டுதான். ரெண்டு நாள் டைம் கேட்டுட்டு உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க தெரிஞ்சது, இவனுங்க நம்புற அந்தப் பேரே ஒரு டுபாக்கூர்!

1785ல லாமார்க்ங்கிற பிரெஞ்சுக்காரர்தான் கன்னாபிஸ் இண்டிகான்னு பேர் வச்சார். சோனரா இந்தியாவுல இருந்து கொண்டுபோன செடியைப் பார்த்து வச்ச பேரு. ஒல்லி இலை, நிறைய கிளை, கெட்டித்தண்டு... அதாவது நம்ம நாட்டுச் செடி. இன்னிக்கு கடையில இண்டிகான்னு விக்கிறது அது இல்ல. குட்டையா, அகல இலையோட, ஆப்கானிஸ்தான் மலையில வளர்ற ஜாதி. 1970கள்ல அந்தச் செடிக்கு ஷல்டெஸ்ங்கிற தாவரவியல் அறிஞர் இண்டிகா பேரை மாட்டிவிட, அப்படியே ஒட்டிக்கிச்சு. நம்ம பக்கத்து ஒல்லி இலைக்கு இப்ப 'சட்டைவா'ன்னு பேராம். இந்தியச் செடி இண்டிகா இல்லையாம், ஆப்கான் செடிதான் இண்டிகாவாம். நல்லா இருக்குல்ல கதை?

சரி, குளிருக்கும் ஈரத்துக்கும் செட் ஆகுமா? குளிர் ஓகே. ஈரம்தான் இடிக்குது. அது வறண்ட மலையில பொறந்தது. பூ கெட்டியா, நெருக்கமா வரும். அதுக்குள்ள தண்ணி போனா காயாது, சாம்பல் பூசணம் புடிச்சு உள்ளேயே அழுகும். மலையில ரோஜா போடுறவங்களைக் கேளுங்க, பொட்ரைட்டிஸ்னு சொன்னாலே முகம் மாறும். பகல் குறையற சமயத்துல பூக்கிற செடி வேற. கோத்தகிரியில அது ஐப்பசி அடைமழை நேரம். இன்னொன்னு, ஆப்கான்ல கோடைப்பகல் 14 மணி நேரத்துக்கு மேல. நம்ம பக்கம் வருஷத்துல நீளமான பகலே 13 மணிகூட கிடையாது. அங்கத்த செடி இங்க வந்தா வளர்றதுக்கு முன்னாடியே பூத்துடும். ஆக, செடி விஷயத்துலயே பயலுக்கு மார்க் ஜீரோ.

அடுத்தது, "இண்டிகா அமைதி தரும், சட்டைவா கிறுகிறுன்னு ஏத்தும்" அப்படீங்கிற கதை. 2021ல நேச்சர் பிளாண்ட்ஸ் இதழ்ல சுமார் 300 மாதிரிகளோட மரபணுவைப் பார்த்து எழுதியிருந்தாங்க. இந்த ரெண்டு லேபிளுக்கும் செடியோட வம்சத்துக்கும் பெருசா சம்பந்தமே இல்ல, ஒருசில வாசனைப் பொருள்தான் கொஞ்சம் வித்தியாசமாம். மல்லிப்பூ வாசத்தை வச்சு ஆளோட ஜாதகம் சொல்ற மாதிரி.

பேர்ல ஏமாறுறது எங்க கடற்கரைக்குப் புதுசு இல்ல. ஆந்திரா, ஒடிசா எல்லை மலையில விளையுற சரக்கு எங்க ராமநாதபுரம் கரைக்கு வந்து, படகேறி மன்னார் பக்கம் இறங்கும்போது இலங்கைப் பேப்பர்ல அதுக்குப் பேரு 'கேரளா கஞ்சா'. 2021ல ஆந்திரா போலீஸ் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாவை வெட்டிச் சாய்ச்சாங்க, ஆனா பேர் மட்டும் கேரளாவுக்கு. மாட்டுறது பெரும்பாலும் மூட்டை தூக்கினவனும் படகு ஓட்டினவனும். 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவு, குறைஞ்சது 10 வருஷம். ஜாமீனும் லேசுல கிடைக்காது. "நான் வீட்டுலதானே மாமா வளர்க்கப் போறேன்"னான். வளர்க்கிறதுக்குச் சட்டம் எடை பார்க்குறதில்ல கண்ணு, ஒரு செடின்னாலும் 10 வருஷம் வரைக்கும் போடலாம். உத்தராகண்ட்ல லைசென்ஸ் குடுக்குறாங்களேன்னு இழுத்தான். அது போதை 0.3 சதவீதம்கூட இருக்கக்கூடாத நார்ச்செடி, கயிறு திரிக்கப் போறியான்னு கேட்டேன்.

இதெல்லாம் சும்மா வாதம். நான் உண்மையில பயந்தது வேற ஒண்ணுக்கு.

எங்க ஊரை வெளியூர்க்காரங்க எதுக்குத் தெரிஞ்சு வச்சிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். தர்கா, அப்புறம் அந்தத் தீ. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலை. சங்கிலியில கட்டிக்கிடந்த மனநோயாளிங்க 28 பேர் செத்தாங்க. அன்னிக்கு என் தம்பிக்கு வியாதி வந்து ரெண்டு வருஷம். அவனையும் எங்கயாவது கொண்டுபோய் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அம்மா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. அவன் இப்பவும் என்கூடத்தான் இருக்கான், காலையும் ராத்திரியும் மாத்திரை. அந்த பயலுக்கு அவன் சின்ன மாமா.

தம்பிக்கு கஞ்சாவால வந்துச்சுன்னு நான் சொல்லல. அவன் பீடிகூடத் தொட்டதில்ல. கஞ்சா புடிக்கிற எல்லாருக்கும் புத்தி பேதலிக்கும்னும் சொல்லல. 1893ல வெள்ளைக்காரன் போட்ட சணல் போதைக் கமிஷனே, காரணம் தெரியாத பைத்தியத்துக்கெல்லாம் கஞ்சான்னு எழுதி வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சு, அளவோட புடிக்கிறவனுக்குப் பெரிய கேடு இல்லைன்னு எழுதினான். ஆனா 1987ல ஸ்வீடன்ல, ராணுவத்துக்கு எடுத்த சுமார் 45,000 பசங்களை 15 வருஷம் கவனிச்சதுல, 50 தடவைக்கு மேல புடிச்சிருந்தவங்களுக்கு மனச்சிதைவு 6 மடங்கு. அதுல வேற காரணங்களும் கலந்திருக்கும், இருக்கட்டும். குடும்பத்துல ஏற்கனவே ஒருத்தருக்கு இருந்தா ஆபத்து கூடுங்கிறதுல எனக்குத் தெரிஞ்ச டாக்டருங்க யாருக்கும் சந்தேகம் இல்ல. ஊர்ல பத்துப் பேர் புடிச்சிட்டு ஜம்முனு இருப்பான், அந்தக் கணக்கு நம்ம வீட்டுக்குச் செல்லாதுடா.

இதைத்தான் அவன்கிட்ட சொன்னேன். சட்டம், பூசணம் எல்லாம் சொன்னப்ப எதிர்த்துப் பேசிட்டே இருந்தவன் சின்ன மாமா பேர் வந்ததும் கம்முனு ஆயிட்டான். கீழ தம்பி தனக்குத்தானே பேசிக்கிட்டிருந்தது மாடி வரைக்கும் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "பாலிஹவுஸை என்ன செய்யலாம்"னான். ரோஸ்மேரி போடச் சொன்னேன். அதுக்கும் ஈரம் ஆகாது, இருந்தாலும் செத்தா செடியோட போகும்.

டிஸ்கி: விதை எங்க கிடைக்கும்னு கேட்டு யாரும் பின்னூட்டம் போடாதீங்க. ரோஸ்மேரி விதைன்னா மட்டும் சொல்லுங்க.