வழக்குரைக்கும் கலையும் ஒரு கட்டைவிரலும்

விபத்தில் காயமுற்றோர் தொடுக்கும் இழப்பீட்டு வழக்குகளைச் சாமானியக் குடிமக்கள் அடங்கிய ஜூரி விசாரித்துத் தொகையை முடிவு செய்யும் முறை அமெரிக்காவில் இன்றும் உள்ளது. ஜூரர்களின் மனத்தை இறுதி வாதத்தில் எவ்வாறு வெல்வது என்பதற்கு அங்கே தனி நூல்களே உண்டு. நம் நாட்டிலோ குற்ற வழக்குகளில் இருந்த ஜூரி முறையும் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு மறைந்தது. 1959இல் நானாவதியை ஜூரர்கள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்றதும், பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்காததும் பலர் அறிந்தவை.

சாலை விபத்து வழக்குகள் இங்கே தீர்ப்பாயத்தின் நீதிபதி ஒருவர் முன் நடக்கின்றன. அவர் கையில் ஒரு வாய்பாடு இருக்கிறது. 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கெண்களை வகுத்தது. ஆண்டு வருமானத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் சொல்வன்மைக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. வேலை உண்டு என்பதே என் கட்சி.

சாமளாபுரம், சோமனூர் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 38, மாத வருமானம் 15,000 ரூபாய். அவ்வயதுக்குரிய பெருக்கெண் 15. எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்காவிட்டால் கணக்கு 27,00,000 ரூபாய். விபத்தில் அவர் வலக்கைக் கட்டைவிரலை இழந்தார். மருத்துவர் ஊனம் 30 விழுக்காடு என்று சான்றளித்தார். அந்த எண்ணையே வருமான இழப்பாக எடுத்துக்கொண்டால் அவருக்குக் கிடைப்பது 8,10,000 ரூபாய். தொழில் செய்யும் ஆற்றலில் 60 விழுக்காடு போயிற்று என்று நீதிபதி ஏற்றால் 16,20,000 ரூபாய். வாய்பாடு இரண்டிலும் ஒன்றே. தொகையை இரட்டிப்பது அத்தொழிலாளியின் வேலையைப் பற்றிய விளக்கம்.

இவ்விளக்கத்திற்கு உச்ச நீதிமன்றமே வழி திறந்து வைத்திருக்கிறது. 2010ஆம் ஆண்டு ராஜ்குமார் வழக்கில், உடலின் ஊனம் வேறு, பொருளீட்டும் ஆற்றலின் இழப்பு வேறு என்று அது பிரித்துக் காட்டியது. ஒரே கையை இழந்தாலும் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ ஏறத்தாழ முழு இழப்பு நேரலாம். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம்.

ஆனால் விசைத்தறி ஓட்டுபவரின் கை என்ன செய்கிறது என்பதை நீதிபதிக்கு யார் சொல்வது? அறுந்த பாவு நூலைத் தேடிப் பிடித்து, விழுதிலும் அச்சிலும் கோத்து, முடிச்சிட வேண்டும். நாடாவில் தீர்ந்த தாரை மாற்ற வேண்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேராமல் முடிச்சு விழாது. மனுவிலோ பெரும்பாலும் 'கூலித் தொழிலாளி' என்ற ஒரு சொல்லோடு இது முடிந்துவிடுகிறது. வாரக் கூலி வாங்குபவரிடம் சம்பளச் சீட்டும் இருப்பதில்லை. பிறகு இறுதி வாதத்தில் குடும்பத்தின் கண்ணீரை எவ்வளவு உருக்கமாக எடுத்துரைத்தாலும் 30 விழுக்காடு 60 ஆகாது.

ஜூரி உள்ள அமெரிக்காவிலும் கண்ணீருக்கு எல்லை உண்டு. 'காயமுற்றவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்' என்று ஜூரர்களை வேண்டுவதை அங்குள்ள நீதிமன்றங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. சாட்சியத்தில் இல்லாததை வாதம் தர இயலாது என்பது எங்கும் ஒன்றே.

இதை நாம் அயலாரிடம் கற்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நம் மாணவர்கள் கண்ணகியின் சினத்திற்காகவே படிக்கிறார்கள். நான் அதை வழக்காகவும் படிக்கச் சொல்வேன். பாண்டியன் அவையில் தீர்ப்பைத் திருப்பியது அவள் அழுகை அன்று; தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்ற ஒரு நுண்தகவல். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னன் வாயாலேயே வரச் செய்து, பின்பு உடைத்துக் காட்டினாள். சான்று அவள் கையில் இருந்தது.

எனவே சட்டக் கல்லூரிகளில் வாதக் கலை பயில்வோர் மேடைப் பேச்சைவிடத் தொழில்களை விவரிக்கப் பழகுவது நல்லது. உடன் வேலை செய்யும் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, பாவு, ஊடை, தார் என்ற அவருடைய சொற்களிலேயே அந்த வேலையைச் சொல்ல விடலாம். நம் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமுண்டு. அந்தச் சொற்கள் ஆவணத்தில் ஏறிவிட்டால், இறுதி வாதத்திற்கு உரத்த குரல் தேவைப்படாது.