வாசலுக்கு வாடகை

மொத்தம் 41 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதில் வந்தது ஆறு பேரிடமிருந்து. அதில் நான்கு பேர், இந்த ஆண்டு ஆய்வகத்தில் இடமில்லை என்று மரியாதையாகக் கைவிரித்தார்கள். ஒருவர் ஜேஎல்பிடி இரண்டாம் நிலை தேறிவிட்டு மறுபடி எழுதச் சொன்னார். கடைசி ஆள் எழுதினார்: "முதலில் ஆய்வு மாணவராக வாருங்கள், பிறகு பார்க்கலாம்." அந்தப் 'பார்க்கலாம்' மேல்தான் எனக்குக் கோபம்.

முன்பின் தெரியாதவருக்குத் திடீரென்று எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்க ஜப்பானிய மொழியில் அச்சில் வார்த்த மாதிரி ஒரு வாக்கியம் உண்டு. எல்லாக் கடிதமும் அதில்தான் ஆரம்பிக்கும். 41 தடவை மன்னிப்புக் கேட்டு முடித்த பிறகுதான், நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கவே தோன்றியது.

அங்கே முதுகலைக்கு விண்ணப்பிப்பது பல துறைகளில் விண்ணப்பப் படிவத்தில் தொடங்குவதில்லை. ஏதாவது ஒரு பேராசிரியர், 'சரி, இந்த ஆளை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று முன்கூட்டியே தலையசைக்க வேண்டும். இதற்கு 'நைதாக்கு' என்று பெயர். உள்சம்மதம் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குப் படிவம் கிடையாது, கடைசித் தேதி கிடையாது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. நம்ம ஊரில் இதே விஷயம் நடந்தால் சிபாரிசு என்று சொல்லித் திட்டுவோம். ஜப்பானில் நடந்தால் 'அவங்க கலாச்சாரம்'.

அதே ஆய்வகத்தில் சேர விரும்பும் ஜப்பானிய மாணவருக்கு இந்தத் தலையசைப்பு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ரயிலேறிப் போய் நேரில் பார்ப்பார். அங்கே இருக்கும் சீனியர் பழைய வினாத்தாள்களைக் கொடுப்பார். மதுரையிலோ காட்மாண்டுவிலோ உட்கார்ந்திருக்கிறவருக்குக் கையில் ஒரு ஜிமெயில் கணக்கு மட்டும்தான்.

சரி, தலையசைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பெரும்பாலும் கிடைப்பது முதுகலை இடம் அல்ல. 'கென்க்யூசெய்' என்ற தகுதி, அதாவது ஆய்வு மாணவர். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். பட்டம் கிடையாது. நுழைவுத் தேர்வு எழுதத் தயாராகிக்கொண்டு, ஆய்வகத்தின் ஒரு மூலையில் உட்கார அனுமதி. அவ்வளவுதான்.

இதற்குக் கட்டணம் உண்டு. தேசியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான கணக்கில் விண்ணப்பத்துக்கு 9,800 யென், சேர்க்கைக்கு 84,600 யென், மாதா மாதம் 29,700 யென். ஏப்ரலில் போய், ஆகஸ்டில் தேர்வு எழுதி, அடுத்த ஏப்ரலில் முதுகலை சேர்வதாக இருந்தால் ஒரு வருடத்துக்கு 4,50,800 யென். அறை வாடகையும் சாப்பாடும் தனி. பிறகு முதுகலைத் தேர்வுக்கு 30,000. தேறிவிட்டால் சேர்க்கைக் கட்டணம் 2,82,000. ஆமாம், மறுபடியும் சேர்க்கைக் கட்டணம். அதே பல்கலைக்கழகம், அதே கட்டடம், பல நேரம் அதே நாற்காலி. தேறாவிட்டால்? பார்க்கலாம்.

'தேர்வு எல்லாருக்கும் பொதுதானே, இதில் என்ன அநியாயம்' என்று நண்பன் கேட்டான். தேர்வு பொதுதான். தேர்வு அறைக்குப் போகும் வழிதான் பொது இல்லை. ஒசாகாவில் இருப்பவர் முதல் நாள் ரயிலில் வந்து எழுதிவிட்டுத் திரும்பலாம். நாம் அங்கேயே ஆறு மாதமோ ஒரு வருடமோ பணம் கட்டிக் குடியிருந்து எழுத வேண்டும். அரசு உதவித்தொகையில் போகிறவர்களும் பலர் முதலில் ஆய்வு மாணவர்கள்தான். ஆனால் அவர்களுடைய கட்டணத்தை ஜப்பான் அரசு கட்டிவிடுகிறது. உதவித்தொகை கிடைக்காதவர் வாரத்துக்கு 28 மணி நேரம் என்ற வரம்புக்குள் கொன்பினியில் இரவு ஷிஃப்ட் பார்த்து, அதே தேர்வுக்குப் படிக்கிறார். யார் தேறுவார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

'அமெரிக்காவைவிட மலிவுதானே' என்பது அடுத்த வாதம். உண்மைதான். தேசியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படை ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வாங்குவதோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஆனால் அந்த மலிவும் கரைந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் உச்சவரம்பில்லாமல் கட்டணம் வைத்துக்கொள்ளலாம் என்று 2024இல் விதியைத் தளர்த்தினார்கள். தோஹோகு பல்கலைக்கழகம் 2027இல் இருந்து சேரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு 9 லட்சம் யென் என்று அறிவித்துவிட்டது. முனைவர் பட்ட மாணவர்களுக்கான 'ஸ்ப்ரிங்' திட்டத்தில் வாழ்க்கைச் செலவுத் தொகை இனி ஜப்பானியக் குடிமக்களுக்கு மட்டும் என்று 2025இல் முடிவெடுத்தார்கள்.

இதையெல்லாம் செய்துகொண்டே, 'வாருங்கள் வாருங்கள்' என்றும் கூப்பிடுகிறார்கள். 2008இல் மூன்று லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்று இலக்கு வைத்தார்கள். 2019இல் தாண்டியும் விட்டார்கள். அந்தக் கணக்கில் 80,000க்கு மேற்பட்டவர்கள் மொழிப் பள்ளி மாணவர்கள், பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்கள். அதே 2019இல், டோக்கியோவின் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகளில் 1,600க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை என்று செய்தி வெடித்தது. அவர்களில் பெரும்பாலோர் இந்த ஆய்வு மாணவர் வகைதான். பட்டமில்லாத மாணவர்களை எண்ணிக்கைக்காகவும் கட்டணத்துக்காகவும் சேர்த்தால் அப்படித்தான் ஆகும். இப்போது 2033க்குள் நான்கு லட்சம் என்று புது இலக்கு.

நம் பக்கமும் பேச வேண்டும். 'ஜப்பானில் ஃப்ரீயா படிக்கலாம் மக்களே' என்று தம்ப்நெயிலில் செர்ரிப் பூவும் கிமோனோவும் போடும் அண்ணன்கள் யாரும் கென்க்யூசெய் கட்டணத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அனிமே பார்த்து ஆசைப்பட்டதில் தப்பில்லை, நானும் அப்படித்தான். ஆனால் ஆசையை வைத்து மொழிப் பள்ளிக்கு ஆள் பிடிப்பது வேறு கதை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது, அவர்கள் நாட்டிலேயே. ஒகினாவாவில் இருக்கும் ஓஇஸ்ட் என்ற ஆய்வுப் பல்கலைக்கழகம் உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் வைத்து, முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்க்கிறது. எல்லாருக்கும் உதவித்தொகையும் தருகிறது. அங்கே அரசுப் பணம் கொட்டுகிறது, மற்றவர்களால் முடியாது என்பார்கள். பணத்தை விடுங்கள். ஊரில் இருந்தபடியே விண்ணப்பித்து, விசாவுக்கு முன்னாலேயே 'இடம் உண்டு, இல்லை' என்று பதில் வாங்குவதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? ஆங்கில வழிப் படிப்புகள் சிலவற்றில் இப்போதே அப்படித்தான் எடுக்கிறார்கள். எந்தப் பேராசிரியரிடம் இந்த ஆண்டு இடமிருக்கிறது என்று இணையத்தில் ஒரு பட்டியல் போட்டால்கூட 41 மன்னிப்பு பத்தாகக் குறைந்திருக்கும். ஒரே பல்கலைக்கழகம் ஒரே ஆளிடம் இரண்டு தடவை சேர்க்கைக் கட்டணம் வாங்குவதை நிறுத்த ஒரு சுற்றறிக்கை போதும்.

நான் போகவில்லை. என்னிடம் அந்த நாலரை லட்சம் யென் இல்லை. என்னோடு சேர்ந்து ஜப்பானிய மொழி படித்த தோழி போனாள். அவள் அப்பா நிலத்தை அடகு வைத்தார். அவளுக்கு அங்கே போன முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் தெரிந்தது: ரயிலில் மாணவர்களுக்கான சலுகைப் பாஸ் கென்க்யூசெய்களுக்குக் கிடையாதாம். கவுன்ட்டரில் இருந்தவர் அவளுடைய அடையாள அட்டையை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவள் வேலைக்குப் போகிறவர்கள் வாங்கும் பாஸை முழு விலைக்கு வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். ஆகஸ்டில் தேர்வு.