கம்ப்யூட்டர் சான்றிதழ்: எந்த வேலைக்கு எது செல்லும்?

டிகிரி முடிவுகள் வந்த கையோடு வல்லம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பேச்சு கிளம்பும். "சும்மா உக்காராம ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சிடு." வல்லத்துக்காரர்களுக்கு ஒரு பக்கம் செஞ்சி, மறுபக்கம் திண்டிவனம். பஸ் ஏறினால் ஏதோ ஒரு சென்டர் இருக்கும். மல்லாட்டை விற்ற காசிலிருந்து சில ஆயிரங்களை அப்பா எடுத்துக் கொடுப்பார். ஆறு மாதம் கழித்து லேமினேட் செய்த ஒரு சான்றிதழ் கைக்கு வரும்.

அதை வேலைக்கு நீட்டும்போது, "இது செல்லாதும்மா" என்று சொல்லிவிட்டால்? போவது பணம் மட்டுமல்ல, ஒரு வருடமும்தான். பெண் பிள்ளையாக இருந்தால், "படிச்சது போதும்" என்று அடுத்த பேச்சு ஆரம்பித்துவிடும்.

சென்டருக்குப் போய் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கோர்ஸ் நல்ல கோர்ஸ்?" என்பது. அதற்கு முன்னால் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டியது, "எந்த வேலைக்குப் போகப் போகிறோம்?" என்பதைத்தான். வேலைக்கு வேலை கேட்கும் சான்றிதழ் மாறும்.

அரசு அலுவலகம் என்றால்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 மூலம் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஆக நினைப்பவர்களுக்குத் தேவையானது 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்'. சுருக்கமாக சி.ஓ.ஏ. இதற்கான தேர்வை நடத்திச் சான்றிதழ் தருவது தமிழக அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். எழுத்துத் தேர்வும் உண்டு, கம்ப்யூட்டரில் செய்து காட்டும் செய்முறைத் தேர்வும் உண்டு.

சென்டரில் படிக்கலாம், தவறில்லை. ஆனால், சென்டர் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழ் இந்த இடத்தில் சி.ஓ.ஏ.வுக்கு ஈடாகாது. விண்ணப்பிக்கும்போது சி.ஓ.ஏ. கையில் இல்லாவிட்டாலும் தேர்வு எழுதலாம். வேலை கிடைத்தபின், தகுதிகாண் பருவம் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

தட்டச்சர் வேலைக்கு டைப்ரைட்டிங்கும் கட்டாயம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சீனியர், அல்லது ஒன்றில் சீனியர், மற்றதில் ஜூனியர் தேறியிருக்க வேண்டும். டைப்ரைட்டிங் வகுப்புக்கு இன்னும் மவுசு இருப்பது இதனால்தான்.

வீட்டிலிருந்தே எழுத வேண்டும் என்றால்

மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் வரும் நிறுவனம் நீலிட். இது நடத்தும் சி.சி.சி. அடிப்படைக் கம்ப்யூட்டர் தேர்வு. 100 கேள்விகள், 90 நிமிடம், 50 சதவீதம் எடுத்தால் பாஸ். எந்த சென்டரிலும் சேராமல், சொந்தமாகப் படித்து நேரடியாக விண்ணப்பிக்கலாம். அப்படி எழுதுபவர்களிடம் படிப்புத் தகுதி கேட்பதில்லை. குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்ட அம்மாக்கள் மறுபடி தொடங்க இது நல்ல இடம். இதற்கு அடுத்த படி, அதே நிறுவனத்தின் 'ஓ லெவல்'.

புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் என்று ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். பாடம் முழுக்க இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் பணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராவாரம் தரும் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். இரண்டும் சேர்த்து 90 தாண்டினால் 'எலைட் கோல்டு'. ஒப்புக்கு வீடியோ ஓடவிட்டு வாங்கிவிட முடியாது என்பதால்தான் இதற்கு மதிப்பு.

2020ல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பும் இருக்கிறது. அதற்கு ஜே.இ.இ. எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. நான்கு வாரம் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதினாலும் சேரலாம். முதல் நிலையில் 8 பாடங்கள். அதோடு நிறுத்திக்கொண்டாலும் அதற்கென ஒரு சான்றிதழ் உண்டு. மேலே படித்தால் டிப்ளமோ, பிறகு பட்டம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை கிடைக்கிறது.

இப்போது கல்லூரியில் இருப்பவர்களுக்கு

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரியோ, திண்டிவனம் கோவிந்தசாமி அரசுக் கல்லூரியோ, எங்கே படித்தாலும் 'நான் முதல்வன்' என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். 2022 மார்ச் 1ம் தேதி தமிழக அரசு தொடங்கிய திறன் பயிற்சித் திட்டம் அது. வெளியில் காசு கொடுத்துப் படிக்கும் பலவற்றை அது கல்லூரிக்குள்ளேயே கொண்டுவருகிறது. இருந்தும், "அட்டெண்டன்ஸுக்காக உட்கார்ந்தோம்" என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. அப்படித் தவறவிட்டதைத்தான் டிகிரி முடித்தபின் பணம் கட்டித் தேட வேண்டியிருக்கிறது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. தேர்வு நடத்துவது யார்? சென்டரா, பல்கலைக்கழகமா, அரசுத் துறையா?

2. 'அரசுப் பதிவு பெற்றது' என்ற பலகைக்கு என்ன அர்த்தம்? டிரஸ்ட் ஆகவோ, சிறுதொழில் நிறுவனமாகவோ பதிவு செய்திருப்பது வேறு, அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. ஐ.எஸ்.ஓ. முத்திரையும் அப்படித்தான். நிர்வாகம் ஒரு முறைப்படி நடக்கிறது என்று சொல்லுமே தவிர, சான்றிதழ் வேலைக்குச் செல்லும் என்று சொல்லாது.

3. சான்றிதழ் எண்ணைப் போட்டு உண்மைதானா என்று இணையத்தில் சரிபார்க்க முடியுமா?

4. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்காரலாம்? ஒரு மெஷினுக்கு மூன்று பேர் என்றால் யோசியுங்கள்.

5. பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா? எதைக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

போன் தெரிந்தால் போதாது

எந்தச் சான்றிதழாக இருந்தாலும் வேலை தருபவர் கடைசியில் பார்ப்பது கையைத்தான். இன்றைய பிள்ளைகள் போனில் படம் எடிட் செய்கிறார்கள், ரீல்ஸ் போடுகிறார்கள். அதே பிள்ளையிடம் முந்நூறு பெயர் கொண்ட பட்டியலை எக்செல்லில் ஊர்வாரியாகப் பிரித்து, தொகையைக் கூட்டிக் காட்டச் சொன்னால் தடுமாற்றம் தெரியும். இது திறமைக் குறைவு அல்ல, மெஷினில் பழகாதது.

தமிழ் டைப்பிங்கும் அப்படித்தான். போனில் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வந்துவிடும். அலுவலகத்தில் ஒரு முழுப் பக்கக் கடிதத்தை அப்படி அடித்து முடிக்க நேரம் போதாது. கம்ப்யூட்டருக்கென 'தமிழ் 99' விசைப்பலகையைத் தமிழக அரசு 1999ல் அறிமுகப்படுத்தியது. 2010ல் யூனிகோடு முறையை ஏற்றது. டைப்ரைட்டர் முறையோ, தமிழ் 99ஓ, ஏதாவது ஒன்றில் யூனிகோடில் வேகமாக அடிக்கத் தெரிந்தவருக்கு இ-சேவை மையம், வக்கீல் அலுவலகம், டி.டி.பி. கடை என்று ஊர்ப் பக்கத்திலேயே கேட்கும் இடங்கள் இருக்கின்றன.

சேருவதற்கு முன்னும் பின்னும் ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். யார் உதவியும் இல்லாமல் ஒரு தமிழ்க் கடிதம் அடித்து, அதை பி.டி.எஃப். ஆக்கி, அளவைக் குறைத்து, சரியான சப்ஜெக்ட் போட்டு மெயிலில் அனுப்ப முடிகிறதா? ஒரு மாதக் கணக்கை எக்செல்லில் போட்டுக் கூட்டல் சூத்திரம் வைக்க முடிகிறதா? மூன்று மாதப் படிப்புக்குப் பிறகும் இதற்கு இன்னொருவர் கை தேவைப்பட்டால், சான்றிதழுக்காகக் காத்திருக்காமல் அன்றே சென்டரில் போய்க் கேளுங்கள்: "எனக்கு மெஷின் நேரம் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு?"