ஆப்டோமெட்ரி படிக்கலாமா? சீட் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பிளஸ் 2 ரிசல்ட் வந்த வாரத்தில், சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் அண்ணன், அக்காக்களுக்கு ஊரிலிருந்து போன் வரும். “நீட் மார்க்கு பத்தாது போலிருக்குது. ஆப்டோமெட்ரின்னு ஒண்ணு இருக்குதாமா, அதுல தம்பியைச் சேத்திரலாமா கண்ணு?” போத்தனூர், குறிச்சி, சுந்தராபுரம் பக்கம் இது இப்போது சகஜமான கேள்வி. கோவை கண் மருத்துவமனைகளின் ஊர். அவிநாசி ரோட்டில் அரவிந்த், சத்தி ரோட்டில் சங்கரா என்று இங்கே வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் துறை கண்ணில் படாமல் போக வழியில்லை. ஆனால் கேட்கிறவருக்கும் சரி, பதில் சொல்கிறவருக்கும் சரி, அது என்ன படிப்பு என்பது பாதிதான் தெரியும்.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. ஆபரேஷன் செய்கிற கண் டாக்டர் எம்பிபிஎஸ் முடித்து, கண் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். ஃப்ரேமும் லென்ஸும் பொருத்திக் கொடுப்பவர் ஆப்டீஷியன். ஆப்டோமெட்ரிஸ்ட் இந்த இருவருக்கும் நடுவில் இருப்பவர். பார்வையை அளப்பது, கண்ணாடிக்கும் கான்டாக்ட் லென்ஸுக்கும் பவர் எழுதுவது, சர்க்கரை நோயோ கண் அழுத்தமோ விழித்திரையைத் தொட ஆரம்பித்த அறிகுறியைக் கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்புவது, பார்வை பெருமளவு போனவருக்கு உதவிக் கருவி பழக்குவது எல்லாம் அவர் வேலை.

போத்தனூருக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. 1862-லேயே ரயில் பார்த்த ஊர். ரயில்வே வேலைக்குப் போய் கண் டெஸ்டில் திரும்பி வந்த ஒருத்தராவது தெருவுக்குத் தெருவு இருப்பார். லோகோ பைலட்டுக்கு ஏ-1 தகுதி வேண்டும். அதாவது கண்ணாடி போடாமல் இரண்டு கண்ணிலும் 6/6, கூடவே நிறம் பிரித்தறியும் திறன். சாதாரணப் பார்வை உள்ளவர் 6 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவரும் 6 மீட்டரில் படித்தால் அது 6/6. இந்த அளவைச் சரியாக எடுக்கிறவர் கையில் ஒரு குடும்பத்தின் சம்பளமே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு அடித்தளம் போட்டது சென்னையின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி. டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவின் கீழ் 1985-ல் தொடங்கியது. இன்று டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் பி.ஆப்டம் நடத்தும் கல்லூரிகள் பல. 4 வருஷப் படிப்பு. கடைசி வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப்.

சேர்க்கை விஷயம் சுருக்கமானது. பாராமெடிக்கல் பட்டப் படிப்புகளுக்கான அரசுக் கலந்தாய்வை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு நடத்துகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்கை வைத்து ரேங்க், 69 சதவீத இடஒதுக்கீடு. தமிழ்நாட்டில் இதுவரை நீட் கேட்டதில்லை. டெல்லி எய்ம்ஸ் தனி நுழைவுத் தேர்வு வைக்கிறது. விதிகள் மாறக்கூடிய காலம் இது என்பதால், அந்தந்த வருஷத்துத் தகவல் கையேட்டை முழுசாகப் படிக்காமல் விண்ணப்பிக்கக் கூடாது.

பிள்ளைகள் தயாராகாமல் வந்து மாட்டிக்கொள்வது இயற்பியலில்தான். ‘கண் சம்பந்தப்பட்டது, அப்போ உயிரியல்தானே’ என்ற நினைப்பில் வந்தவர்களுக்கு முதல் வருஷமே ஒளியியல் எதிரே நிற்கும். பிளஸ் 2 இயற்பியல் இரண்டாம் தொகுதியின் கதிர் ஒளியியலும் அலை ஒளியியலும் பலர் சாய்ஸில் விட்டுவிடும் பாடங்கள். ஆப்டோமெட்ரி அங்கேதான் ஆரம்பிக்கிறது. லென்ஸின் பவர் என்பது, மீட்டரில் சொன்ன குவியத் தூரத்தின் தலைகீழி. மைனஸ் 2 பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் அரை மீட்டர் வரைதான் தெளிவு. அதற்கு அப்பால் மங்கல். இந்த ஒரு கணக்கு புரிந்தால் வீட்டில் கிடக்கும் கண்ணாடிச் சீட்டுகளைப் படிக்க ஆரம்பிக்கலாம். தாத்தாவின் சீட்டில் கிட்டத்துக்கு மட்டும் ஏன் பிளஸ் கூடுதலாக எழுதியிருக்கிறது? 40 தாண்டினால் கண்ணின் லென்ஸ் வளைந்து கொடுக்கும் திறன் குறைகிறது, அதுதான் வெள்ளெழுத்து. சிலிண்டர் என்று எழுதி பக்கத்தில் 90 என்றோ 180 என்றோ ஏன் போட்டிருக்கிறது? அது எந்தத் திசையில் லென்ஸை வைக்க வேண்டும் என்பதற்கான அச்சு. ஒரு விடுமுறை முழுக்க இப்படிப் பத்துச் சீட்டைப் படித்துப் பார்த்த பிள்ளைக்கு, இந்தப் படிப்பு தனக்குப் பிடிக்குமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். கல்லூரி கையேடுகளில் ஏசி வகுப்பறை இருக்கும், பேருந்து வசதி இருக்கும், ஹாஸ்டல் மெனுகூட இருக்கும். தினம் எத்தனை நோயாளிகள் அங்கே கண் பார்க்க வருகிறார்கள் என்ற எண் இருக்காது. ரெட்டினோஸ்கோப் வெளிச்சத்தைக் கண்ணில் ஆட்டி, உள்ளே நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துப் பவர் சொல்வது புத்தகத்தில் வராது. நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்துத்தான் கை பழகும். மூன்று வயதுக் குழந்தையை அழவிடாமல் டெஸ்ட் பண்ணுவதும் அப்படித்தான். கூட்டமில்லாத இடத்தில் 4 வருஷம் படித்தவர் பட்டத்தோடு வருவார்; கைப்பழக்கத்தோடு வரமாட்டார். பிறகு கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் காட்டும் பவரை எழுதிக் கொடுக்கும் வேலைதான் மிஞ்சும். அதற்கு லட்சங்களில் கட்டணம் எதற்கு?

எனவே ஒவ்வொரு பி.ஆப்டம் கல்லூரியும் தன் புறநோயாளி எண்ணிக்கையையும் இன்டர்ன்ஷிப் நடக்கும் மருத்துவமனையின் பெயரையும் வெளியிட வேண்டும் என்று தேர்வுக் குழு கட்டாயமாக்க வேண்டும். கலந்தாய்வில் சில நிமிஷங்களில் கல்லூரியைத் தேர்வு செய்யும் 17 வயதுப் பிள்ளையிடம், குறைந்தபட்சம் இந்த இரண்டு தகவலாவது இருக்கட்டும்.

இன்னொரு பொறி, குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகள். 2021-ல் வந்த இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம், ஆப்டோமெட்ரிஸ்டைத் தன் அட்டவணையில் சேர்த்துவிட்டது. சுகாதாரத் தொழிலர் என்ற தகுதிக்கு 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப் படிப்பு வேண்டும் என்கிறது. ஆறு மாதச் சான்றிதழை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இரண்டு வருஷ டிப்ளமோ படித்த கண் உதவியாளரின் சேவை குறைந்ததல்ல. அரவிந்த் மருத்துவமனைகளின் அன்றாட வேலையில் பெரும் பங்கு கிராமத்திலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்களுடையது. ஆனால் அது வேறு வேலை. ஒன்றை இன்னொன்றின் பெயரில் விற்பதுதான் தப்பு.

வேலை கிடைக்குமா என்றால், தேவைக்குக் குறைவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் குறைந்தது 220 கோடி பேர்; அதில் 100 கோடி பேருடையது தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. 2050-ல் உலகில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என 2016-ல் பிரையன் ஹோல்டன் குழுவினர் கணித்தார்கள். வெளிநாட்டுக் கனவு உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அமெரிக்காவில் பட்டப் படிப்புக்குப் பிறகு ஓஏடி தேர்வு எழுதி, மேலும் 4 வருஷம் படிக்க வேண்டும். இங்கே வாங்கிய பி.ஆப்டம் நேராக அங்கே செல்லாது.

தம்பியைச் சேர்க்கலாமா என்று போன் வந்தால், அண்ணன் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. அவனைக் கூட்டிக்கொண்டு திங்கள்கிழமை காலை ஒரு கண் மருத்துவமனை ஓபியில் இரண்டு மணி நேரம் உட்காரலாம். பிறகு, சேர நினைக்கும் கல்லூரியின் மருத்துவமனைக்கும் அதேபோல் ஒரு திங்கள்கிழமை சொல்லாமல் போய், வரிசை எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்க்கலாம்.