வவுச்சர் எங்கே ஸார்?

ஆபீஸுக்கு ஆடிட்டர் வந்தால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். எனக்கு என்னவோ அந்த ஆசாமிகளைப் பிடிக்கும். டூர் போய் வந்த கதையை நீங்கள் எத்தனை ரசமாகச் சொன்னாலும் மனுஷர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: 'வவுச்சர் எங்கே?' விஞ்ஞானத்திலும் இப்படி ஒரு வவுச்சர் ஃபைல் உண்டு. ஜப்பானில் ஒருத்தர் அதைப் புரட்டப் போய், பெரிய அற்புதம் ஒன்று குப்புற விழுந்தது.

2014 ஜனவரி கடைசியில் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரே சமயம் இரண்டு கட்டுரைகள். எழுதிய குழுவில் முதல் பெயர் ஹாருகோ ஒபோகாடா, வயது 30. கோபே நகரத்து ரிகென் ஆராய்ச்சிக் கூடத்துக்காரர். அவர் சொன்ன சமையல் குறிப்பு இது: பிறந்து ஒரு வாரமான எலிக்குட்டியின் மண்ணீரலிலிருந்து செல்களை எடு. லேசான அமிலத்தில் (கறுப்புக் காப்பியைவிட சாது) அரைமணி போல ஊற வை. சில நாளில் அது ஸ்டெம் செல்! அதாவது மூளையோ, இதயமோ, தோலோ, எதுவாகவும் வளரக்கூடிய ஆதி செல். நரம்பு செத்துப் போனவர்கள், பார்வை மங்கியவர்கள் எல்லாம் காத்திருப்பது இதற்குத்தான். இதே காரியத்துக்கு ஷின்யா யமனாகா 2006-ல் 4 ஜீன்களைச் செல்லுக்குள் செலுத்த வேண்டியிருந்தது. அதற்கு 2012-ல் நோபலும் வாங்கினார். இங்கே என்னடா என்றால் வெறும் புளிப்புத் தண்ணீர். 'ஸ்டாப் செல்' என்று நாமகரணம் சூட்டினார்கள். டி.வி.க்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். லேபில் அவர் மாட்டிக்கொள்வது பாட்டி கொடுத்த சமையல் ஏப்ரன் என்பது வரை நியூஸ்.

சில வாரங்களில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. கட்டுரைப் படங்களில் கோளாறு. மற்ற லேப்களில் ஊற வைத்துப் பார்த்தால் செல்கள் செத்ததுதான் மிச்சம். '200 தடவைக்கு மேல் எனக்கு வந்ததே' என்றார் ஒபோகாடா. விசாரணைக் குழு 3 வருஷ நோட்டுகளைக் கேட்டது. கைக்கு வந்தது 2. ('இன்னும் இருக்கிறது, 4, 5 தேறும்' என்றார்.) ஒரு பக்கத்தில் ஹார்ட் படம் வேறு. காதல் கடிதத்துக்கு அது போதும், விசாரணைக்கு?

இப்படியே 'எனக்கு வருது, உனக்கு வரலே' என்று வருஷக்கணக்கில் வழக்காடியிருக்கலாம். மாட்டிவிட்டது வேறு சமாசாரம். இந்த மாதிரிக் கட்டுரை போட்டால், செல்லின் ஜீன்களைப் படித்த மூல டேட்டாவைப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும் என்பது பத்திரிகைகளின் நிபந்தனை. இவர்களும் ஒப்படைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளலாம், ஓசியில்.

இறக்கியவர் டகாஹோ எண்டோ. அதே ரிகெனில், யோகோஹாமாக் கிளையில் வேலை. எலியையும் தொடவில்லை, அமிலத்தையும் தொடவில்லை. எழுத்துக்களை எண்ணினார், அவ்வளவுதான். ஒழுங்கான எலி செல்லில் 8-ம் நம்பர் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டும். ஸ்டாப் செல் என்று கொடுத்த டேட்டா ஒன்றில் மூன்று இருந்தது. 'ஒண்ணு கூட இருந்தா என்ன ஸார் குடி முழுகிடும்?' என்பீர்கள். 8-ம் நம்பர் மூன்று உள்ள எலி கருவிலேயே செத்துவிடும், பிறக்கவே பிறக்காது. பிறக்கவே முடியாத எலியின் ஒரு வாரக் குட்டியிலிருந்து செல் எடுத்தார்களாம்! ஆனால் லேபில் கருவிலிருந்து எடுத்து நாள்பட வளர்க்கும் பழைய ரக ஸ்டெம் செல்களில் இந்த மூன்றாவது சகஜம். புரிகிறதா?

2014 ஜூலை 2 அன்று கட்டுரைகள் வாபஸ். கண்காணிப்பில் ஒபோகாடாவே மறுபடி செய்து பார்த்தார், வரவில்லை. கரு ஸ்டெம் செல்தான் கலந்திருக்கிறது என்று டிசம்பரில் விசாரணைக் குழு சொன்னது. கலந்தது யார், தெரிந்தா தெரியாமலா என்பது மட்டும் கடைசி வரை பிடிபடவில்லை. 2015-ல் 7 லேப்கள் சேர்ந்து கணக்குக் கொடுத்தன: 133 முயற்சி, 133-ம் தோல்வி.

நடுவில் ஒரு உயிர் போயிற்று. கட்டுரையில் கூட இருந்த யோஷிகி ஸஸாய், ஸ்டெம் செல்லிலிருந்து விழித்திரை அமைப்பையே வளர்த்துக் காட்டிய நிஜமான மேதை. தில்லுமுல்லு எதுவும் அவர் செய்ததாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. சரியாக மேற்பார்வை பார்க்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. ஆகஸ்ட் 5 அன்று தற்கொலை. வயது 52. வாபஸ் ஆன கட்டுரை மறந்து போகும். இது எனக்கு மறக்கவில்லை.

இத்தனைக்கும் களஞ்சியத்தில் போடாமல் தப்பிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஏராளமான மருத்துவக் கட்டுரைகளின் அடியில், 'தகுந்த முறையில் கேட்டால் டேட்டா தரப்படும்' என்று பொடி எழுத்தில் ஒரு வாசகம் பார்க்கலாம். உங்கள் அடுத்த டூர் பில்லில் இதை எழுதிப் பாருங்களேன். 2022-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, இப்படி எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்குத் தகுந்த முறையிலேயே எழுதிக் கேட்டார்கள். பெரும்பாலோர் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்களிலும் பாதிப் பேர் கையை விரித்துவிட்டார்கள். எடுத்துக் கொடுத்தது, 100-க்கு 7 பேர்.