சாய்கோடு ஆய்தமான கதை

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவில் ஒருகாலத்தில் கடை நடத்திய அன்பர் ஒருவரின் மகன் அண்மையில் என்னைத் தொடர்புகொண்டார். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக அங்கிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களைப் பற்றி நான் முன்னர் எழுதிய கட்டுரையில் தம் தந்தையின் காணித் துண்டு இலக்கமும் இருந்ததாம். அதன் பிரதி வேண்டும் என்றார். இணையத்தில் தேடியும் அவருக்கு அகப்படவில்லை. பத்திரிகையின் (பெயர் வேண்டாம்) மின்சுவடியில் நானே புகுந்து தேடினேன். அரை மணி நேரத்தின் பின் கட்டுரை கிடைத்தது. "14/2" என்று நான் எழுதியிருந்த இலக்கம் அங்கே "14ஃ2" என்று நின்றது.

இலங்கைத் தமிழ்ப் பக்கங்களை வாசிப்போருக்கு இது புதிதல்ல. பாடசாலைப் பெயர்களுக்கு முன்னால் மாவட்டத்தைக் குறிக்கும் "யா/", "மட்/" என்பவை "யாஃ", "மட்ஃ" ஆகிவிட்டன. "2009/2010" என்பது "2009ஃ2010" ஆயிற்று. தமிழகத்து நண்பர் ஒருவர் இதனை ஈழத்து எழுத்துவழக்கு என்றே எண்ணியிருந்தார். சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். விளக்கப் புகுந்தால் பொழுது போய்விடும்.

விளக்கம் இதுதான். 1963இல் வந்த ஆஸ்கி அட்டவணையில் சாய்கோட்டின் எண் 47. நாம் இருபது, முப்பது ஆண்டுகள் கட்டி அழுத பாமினி எழுத்துரு, தமிழுக்குத் தனி இடம் கேட்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் உருவங்களை ஏற்றி வைத்தது. 47இன் மேல் உட்கார்ந்தது ஆய்தம். சாய்கோடு தேவைப்பட்டால் தட்டச்சாளர் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறுவார். தாளில் எல்லாம் சரியாகவே விழும். ஆனால், அதைப் பிரதியெடுத்து ஒருங்குறி மாற்றியில் போடும்போது எழுத்துரு பற்றிய செய்தி உதிர்ந்துவிடுகிறது. எஞ்சுவது வெறும் 47. மாற்றி அதனை ஆய்தம் என்றே படிக்கும். அதைக் குற்றம் சொல்வதற்கில்லை.

குற்றம் நம்முடையது. தமிழ் 1991இலேயே ஒருங்குறியின் முதற் பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. அதில் சாய்கோட்டுக்கும் ஆய்தத்துக்கும் வெவ்வேறு எண்கள். மாற்றிய பின் ஒருவர் கண்ணை ஓட்டியிருந்தால் போதும். செய்தியறைகளில் மெய்ப்புப் பார்ப்போரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மென்பொருளை நம்பிய காலத்தின் தழும்பு இது.

இத்தனைக்கும் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும் விதியைத் தொல்காப்பியரே தந்திருக்கிறார். குற்றெழுத்துக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும்தான் ஆய்தம் வரும்: அஃது, எஃகு. எனவே, இலக்கங்களுக்கு நடுவே வந்தால் அது சாய்கோடு. நெட்டெழுத்துக்குப் பின்னோ புள்ளி வைத்த மெய்க்குப் பின்னோ வந்தாலும் பெரும்பாலும் அதுவே. "சோஃபா" போன்ற பிறமொழிச் சொற்களில் பகரத்துக்கு முன் வருவதை மட்டும் விட்டுவிட வேண்டும். இவ்வளவையும் ஒரு சிறு நிரலாக எழுதப் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு ஒரு பிற்பகல் போதும்.

முழுவதும் பிடிபடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தைக் குறிக்கும் "சா/த", "சாஃத" என்று மாறும். நெடிலுக்குப் பின் வருவதால் அகப்பட்டுவிடும். உயர்தரத்துக்குரிய "உ/த" மாறினால் "உஃத"! குறிலும் வல்லினமும் இலக்கணம் வழுவாமல் இருபுறமும் காவல் நிற்கின்றன. சங்கத்துச் சொல்லோ என்று மயங்க வைக்கும் அதனை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

இதெல்லாம் அற்ப விடயம் என்பார் உளர். போரில் பதிவேடுகளை இழந்த பாடசாலைகளின் பழைய மாணவருக்கும், நீரில் ஊரை இழந்தோருக்கும் சில வேளைகளில் பழைய செய்தித்தாளே மிஞ்சிய சான்று. "14/2" என்று தேடுபவரிடம் தேடுபொறி "14ஃ2"வைக் கொண்டுவந்து கொடுக்காது. தேடிக் கிடைக்காதது அவருக்கு இல்லாததுதான். சுவடிகளை வைத்திருக்கும் பத்திரிகை நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் அவற்றைத் திருத்தித்தர வேண்டும். நம்மிடமிருந்து சந்தாவும் வரியும் வாங்கியவர்கள் அல்லவா?

மின்சுவடிக்குப் பொறுப்பானவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பல்லேகம அன்பரின் மகனுக்குக் கட்டுரையை அச்செடுத்து அனுப்பினேன். ஆய்தத்தைப் பேனாவால் வெட்டி, மேலே சாய்கோட்டைப் போட்டு, பக்கத்தில் கையொப்பமும் இட்டேன். காணி அலுவலகத்தார் அதை ஏற்பார்களா என்பது அவர் போய் வந்து சொன்னால்தான் தெரியும்.