வாழைநாரும் கூட்டுறவும்

ஒருவரிடம் கழிவாகக் கிடப்பது மற்றொருவருக்கு மூலப்பொருளாகுமாயின், அவ்விருவரையும் இணைத்து வைப்பதே கூட்டுறவின் கடமை. குலை வெட்டிய வாழை மறுமுறை ஈனாது. அதன் தண்டை அப்புறப்படுத்த விவசாயி கூலி கொடுக்கிறார். அதே வேளையில், நூல் விலை ஏறுந்தோறும் நெசவாளரின் வருவாய் சுருங்குகிறது. வாழைநார் இவ்விரு சாராருக்கும் பயன்படுமா?

பயன்படும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாடு சான்று. அங்கே வாழையினத்தைச் சேர்ந்த அபாக்கா என்னும் செடியின் நாரிலிருந்து நெடுங்காலமாகத் துணி நெய்கின்றனர். அக்லான் மாகாணத்தில் அன்னாசி இலையை உடைந்த பீங்கான் ஓட்டால் சுரண்டி நார் எடுத்து, இழையோடு இழையை முடிச்சிட்டு நீட்டி, தறியில் ஏற்றுகின்றனர். ‘பீன்யா’ எனப்படும் அத்துணியைப் பட்டுடன் கலந்தும் நெய்வதுண்டு. அக்லான் கைத்தறிக் கலையை 2023-இல் யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அதே நாட்டில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘ஹூசி’ என்ற துணி முன்னாளில் அபாக்கா அல்லது வாழைநாரால் நெய்யப்பட்டது. பின்னர் இறக்குமதியான பட்டுத்துணி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெயர் நிலைத்தது, நார் மறைந்தது.

வெள்ளானூர் அங்கத்தினர்களுக்கு இவை கடல் கடந்த செய்திகள் மட்டுமல்ல. நமக்குத் தெற்கே, பல்லாவரத்தை அடுத்த அனகாபுத்தூரின் தறிகள் ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு ‘மதராஸ் கைக்குட்டை’த் துணியை அனுப்பின. அச்சந்தை அடைபட்டபின் பலர் தறியைத் துறந்தனர். அவ்வூரில் திரு. சி. சேகர் முதலிய நெசவாளர்கள் சணல், வாழை, அன்னாசி முதலிய நார்களை நாடினர். 25 வகை இயற்கை நார்களால் ஒரே சேலை நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றனர். திறமைக்கு நம்மிடம் குறைவில்லை, குறைவது ஏற்பாடே.

அவ்வேற்பாடு எவ்வாறு அமைய வேண்டும்? முதலாவது, நாரைத் தோட்டத்தருகிலேயே பிரிக்க வேண்டும். தண்டின் பெரும்பகுதி நீர். நூறு கிலோ தண்டில் ஏறத்தாழ ஒரு கிலோ நாரே கிடைக்கும். தண்டை வண்டியேற்றுவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதாகும்.

இரண்டாவது, இயந்திரத்துக்கு முன் ஒப்பந்தம் வேண்டும். நார் உரிக்கும் இயந்திரம் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. வாங்குவோர் இல்லாவிடில் அது துருப்பிடிக்கும். விவசாயிகள் சங்கமும் நெசவாளர் சங்கமும் தத்தம் துணைவிதிகளுக்கு உட்பட்டு, நாரின் தரம், எடை, விலை, பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுத்தில் உறுதி செய்துகொள்க.

மூன்றாவது, இழை பிரித்து முடிச்சிடுவோருக்கு நியாயமான கூலி வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் இவ்வேலை ‘ஓய்வு நேர வேலை’ என்ற பெயரால் மலிவாக மதிக்கப்படுகிறது. ஆயின், நுண்ணிய இழை இன்றேல் நல்ல துணியும் இல்லை. அக்கூலியை அடக்க விலையில் முதற்கண் சேர்த்த பின்னரே லாபத்தைக் கணக்கிட வேண்டும்.

நான்காவது, சீட்டில் உண்மை வேண்டும். பருத்திப் பாவில் வாழைநார் ஊடை கொடுத்து நெய்ததைக் ‘கலப்பு’ என்றே குறித்து, விகிதத்தையும் அச்சிடுக. வாழைநார்ப் புடவை என்ற பெயரில் செயற்கை இழை ஒருமுறை விற்கப்படுமாயின், நேர்மையான நெசவாளரையும் வாங்குவோர் ஐயுறுவர். ஹூசியின் கதை இங்கும் நேரும்.

வாழைநார், பருத்தியின் இடத்தைப் பிடித்துவிடும் என நான் கூறவில்லை. அதன் சந்தை சிறிது, உழைப்போ பெரிது. ஆகவேதான் இதைத் தனியாரின் அவசர லாபத்துக்கு விடாமல், சங்கங்கள் பொறுமையுடன் நடத்த வேண்டும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் விவசாய அங்கத்தினரும் நெசவாள அங்கத்தினரும் ஒரு கிலோ நாரின் விலையை முன்வைத்துப் பேசட்டும். இயந்திரத்தைப் பற்றிய பேச்சு அதன்பின் வரட்டும்.